ஐம்பதைத் தாண்டிய ஆட்களை வைத்து ஆலை நடத்துவது: மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் கோயம்புத்தூரில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு நடுத்தர ஆலையில் ஆட்கள் விவகாரத்தைக் கவனிக்கிறவர். ஷாப்பில், அதாவது மெஷின்கள் ஓடும் கூடத்தில், பாதிப்பேருக்கு மேல் ஐம்பதைத் தாண்டிவிட்டார்களாம். இளம் பையன்கள் வருவதில்லை, வந்தாலும் ஆறு மாதம் நிற்பதில்லை. முதலாளி "ஜப்பான்ல, ஜெர்மனில எல்லாம் என்ன பண்றாங்கன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டார். ஓய்வு வயதை 58-இலிருந்து 60 ஆக்குவதா, 58-இல் கணக்கை முடித்து கான்ட்ராக்டில் திரும்ப எடுப்பதா என்பது இவர் கேள்வி.

நான் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில்தான் குப்பை கொட்டினேன். அதில் ஆறு வருடம் சிங்கப்பூரில். உங்கள் கேள்வியில் ஓய்வு வயதுதான் பிரதானமாக இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஆனால் அதிலேயே நிற்கப் போவதில்லை.

ஜப்பான்காரர்கள் செய்தது கிட்டத்தட்ட உங்கள் இரண்டாவது யோசனைதான். அங்கே 60-க்குக் கீழ் ஓய்வு வயது வைக்கக் கூடாது என்ற விதி 1998-இல் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் அரசாங்கம் ஓய்வூதியம் தொடங்கும் வயதைப் படிப்படியாக 65-க்குத் தள்ளியது. அப்படியானால் 60-இல் வேலை போனவர் 65 வரை எதைச் சாப்பிடுவார்? அந்தப் பள்ளத்தை நிரப்பும் பொறுப்பை முதலாளிகள் தலையில் வைத்தார்கள். 2006-இலிருந்து ஒவ்வொரு கம்பெனியும் மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: ஓய்வு வயதை 65 ஆக்கலாம், ஓய்வு வயதையே எடுத்துவிடலாம், இல்லையென்றால் 60-இல் ஓய்வு கொடுத்துவிட்டுத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் யாரைத் திரும்ப எடுப்பது என்று கம்பெனி பொறுக்கிக்கொள்ள வழி இருந்தது. 2013 முதல் விரும்பும் எல்லாருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. 2021-இலிருந்து 70 வரை வேலை தர "முயற்சி செய்ய வேண்டும்" என்று இன்னொரு படி.

பெரும்பாலான கம்பெனிகள் எடுத்துக்கொண்டது மூன்றாவது வழியை. ஏன் என்பதை அறுபதாவது பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். அதே ஆள், அதே மேசை, பல இடங்களில் அதே வேலை. கையில் மட்டும் புது ஒப்பந்தம், வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. சம்பளம் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் பாதிகூடக் குறைந்திருக்கும். நேற்று வரை மேனேஜராக இருந்தவருக்கு நேற்று வரை அவர் கீழே இருந்தவர் மேலதிகாரி. இதற்கு ஜப்பானிய மொழியில் தனிச் சொல்லே உண்டு: தோஷிஉயே புகா, அதாவது 'தன்னைவிட வயதில் மூத்த கீழ்ப்பணியாளர்'. அப்படி ஒருவரிடம் வேலை வாங்குவது எப்படி என்று மேலாளர்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். சம்பளம் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதியிலிருந்து அரசாங்கமே கொஞ்சம் போட்டுக் கொடுக்கும். புதுச் சம்பளத்தில் அதிகபட்சம் 15 சதவீதமாக இருந்ததை 2025 ஏப்ரலிலிருந்து 10 ஆகக் குறைத்திருக்கிறார்கள்.

இது நியாயமா என்று கேட்டு வழக்குப் போட்டவர்களும் உண்டு. யோகோஹாமாவில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் லாரி ஓட்டுநர்கள். ஓய்வுக்கு முன்னும் அதே லாரி, பின்னும் அதே லாரி, சம்பளம் மட்டும் சுமார் 20 சதவீதம் குறைவு. 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஓய்வுப் பணம் வாங்கியவர்கள், ஓய்வூதியம் வரப்போகிறவர்கள் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்தால் மொத்தத்தில் இது அநியாயம் என்று சொல்ல முடியாது என்றது. ஒன்றை மட்டும் ஏற்கவில்லை. லீவு போடாமல் வருகிறவர்களுக்குத் தரும் ஊக்கத்தொகையை இவர்களுக்கு மறுக்கக் கூடாதாம். தவறாமல் வருவது 59-இலும் 61-இலும் ஒன்றுதானே! 2023-இல் நகோயாவின் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர்கள் வழக்கு வந்தது. அவர்கள் அடிப்படைச் சம்பளம் பாதிக்கு மேல் வெட்டப்பட்டிருந்தது. பழைய சம்பளத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே போவது சட்டவிரோதம் என்று கீழ் நீதிமன்றங்கள் போட்ட கோட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அடிப்படைச் சம்பளம் என்பது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று முதலில் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியது.

அந்தக் கேள்வியைத்தான் நீங்களும் முதலாளியிடம் கேட்க வேண்டும். நான் பார்த்தவரை எந்த நாட்டு முதலாளிக்கும் நரைத்த தலையின் மேல் பகை கிடையாது. வருடா வருடம் ஏறும் இன்கிரிமெண்ட்தான் அவர் கண்ணை உறுத்துகிறது. பணிமூப்பை வைத்துச் சம்பளம் ஏறும் முறையில், இளைஞனுக்கு அவன் செய்வதைவிடக் குறைவாகவும் மூத்தவருக்குச் செய்வதைவிட அதிகமாகவும் கொடுக்கிறோம். முப்பது வருடத்தில் இரண்டும் சரியாகிவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை ஒரு தேதியில் முடித்தே ஆக வேண்டும். அந்தத் தேதிக்குப் பெயர்தான் ஓய்வு வயது. தேதியைத் தள்ளிவைத்துவிட்டு, வருடா வருடம் ஏறும் சம்பளப் படிக்கட்டை அப்படியே விட்டால் முதலாளி வேறு வழியில் கதவைத் திறந்துவிடுவார்.

தென்கொரியாவில் அப்படியே நடந்தது. அங்கே படிக்கட்டு ரொம்பச் செங்குத்து. முப்பது வருடம் வேலை பார்த்தவர் சம்பளம் புதிதாகச் சேர்ந்தவரைப் போல மூன்று மடங்கு வரை இருக்கும். சட்டம் 60 என்று சொல்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு 2016-இலும் மற்றவர்களுக்கு 2017-இலும் அமலுக்கு வந்தது. ஆனால் முக்கியமான வேலையை விட்டு ஆட்கள் வெளியேறும் சராசரி வயது ஐம்பதை ஒட்டித்தான் இருக்கிறது. 'கௌரவ ஓய்வு' என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் போகிறவர்கள் ஓய்வுப் பணத்தைப் போட்டுப் பொரித்த கோழிக் கடை வைப்பார்கள். எந்தப் படிப்புப் படித்தாலும் முடிவில் கோழிக் கடைதான் என்று அங்கே ஒரு கேலியே உண்டு. தங்கியவர்களுக்கு 'உச்சச் சம்பள முறை' வந்தது. ஒரு வயதில் சம்பளம் உச்சத்தைத் தொடும், அப்புறம் வருடா வருடம் இறங்கும், பதிலுக்கு 60 வரை வேலை உண்டு. 2022 மே மாதம் அங்கே உச்ச நீதிமன்றம் இதற்கும் கடிவாளம் போட்டது. வேலையைக் குறைக்காமல், வேறு நியாயமான காரணமும் இல்லாமல், வயதை மட்டும் வைத்துச் சம்பளத்தை வெட்டினால் செல்லாது.

சிங்கப்பூர் இதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்தது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் பழக்கம் அங்கே உண்டு. பணிமூப்புச் சம்பளத்தை முதலில் மெல்ல மெல்லத் தளர்த்திக்கொண்டார்கள். 2012-இல் மறுவேலை நியமனச் சட்டம் வந்தது. அதன்படி வயதுகள் இரண்டு. முதல் வயதுக்கு முன் வயதைக் காரணம் காட்டி வெளியே அனுப்பக் கூடாது. அதிலிருந்து இரண்டாவது வயது வரை, உடம்பும் வேலையும் சரியாக இருந்தால் திரும்ப வேலை தர வேண்டும். 2012-இல் 62, 65 என்று இருந்தவை 2022-இல் 63, 68 ஆயின; 2026 ஜூலை 1 முதல் 64, 69; 2030-க்குள் 65, 70 என்பது குறி. பொருத்தமான வேலை தர முடியாத முதலாளி ஒருமுறைத் தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு விலகலாம், மூன்றரை மாதச் சம்பளம். 60 வயதானவர் சம்பளத்தில் 10 சதவீதம் வரை குறைக்கலாம் என்று முன்பு சட்டத்திலேயே இருந்தது. அதை 2017-இல் எடுத்துவிட்டார்கள்.

நான் அங்கே இருந்தபோது இதற்காக வருடா வருடம் ஒரு பட்டியல் போடுவோம். ஓய்வு வயதுக்கு ஆறு மாதம் முன்னாலேயே ஆளைக் கூப்பிட்டு, 'தொடரப் போகிறீர்களா? அதே வேலையா, குறைந்த நேரமா, வேறு இடமா?' என்று கேட்டு எழுதிக்கொள்வோம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் கடைசி வாரத்தில் கேட்பதற்கும் ஆறு மாதம் முன்னால் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நேரில் பார்த்தால்தான் தெரியும். ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்தச் சட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் போய்க் கட்டட வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு வேலை அனுமதிச் சீட்டின் உச்ச வயதுதான் ஓய்வு வயது. 60 ஆக இருந்த அது 2025 ஜூலையில் 63 ஆனது.

ஓய்வு வயதே வேண்டாம் என்ற நாடுகளும் உண்டு. அமெரிக்கா 1986-இல் பெரும்பாலான வேலைகளில் கட்டாய ஓய்வை எடுத்துவிட்டது. பிரிட்டன் 65 என்ற பொது வயதை 2011-இல் எடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே விடைகொடுக்க ஒரு தேதி கிடையாது, ஆகவே ஆட்குறைப்பு என்று பொதுவாக ஒரு காரணம் சொல்லிப் பணம் கொடுத்து அனுப்புவது பழக்கமாகிவிட்டது. 'வயது பாகுபாடு என்று வழக்குப் போட மாட்டேன்' என்று எழுதி வாங்குவார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் யோசிக்கத் தனியாளுக்கு 21 நாள், கூட்டமாக அனுப்பினால் 45 நாள், போட்ட பிறகு மனம் மாற 7 நாள் என்று அமெரிக்கச் சட்டமே வகுத்திருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாகச் சட்டம் எழுத வேண்டி வந்ததென்றால் நடைமுறை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸின் அனுபவம் இன்னும் வேடிக்கை. வயதில் மூத்தவரை வேலையைவிட்டு அனுப்பினால் அபராதம் மாதிரி ஒரு கட்டணம் என்று 1987-இல் கொண்டுவந்தார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள்? அந்த வயதை நெருங்குகிறவர்களை வேலைக்கு எடுப்பதற்கே தயங்கினார்கள். விதிவிலக்குகள் சேர்த்து ஒட்டுப்போட்டுப் பார்த்துவிட்டு 2008-இல் அதையே கைவிட்டார்கள்.

சரி, இதெல்லாம் சட்டமும் சம்பளமும். உங்கள் ஷாப்புக்கு நேரடியாக உதவுவது பவேரியாவில் டிங்கோல்ஃபிங் என்ற ஊரில் பிஎம்டபிள்யூ ஆலையில் 2007-இல் நடந்தது. அந்த ஆலையின் சராசரி வயது அப்போது 39. பத்து வருடத்தில் 47 ஆகிவிடும் என்று கணக்குக் காட்டியது. ஆகவே காரின் பின்பக்க அச்சின் கியர்பாக்ஸ் செய்யும் ஓர் உற்பத்தி வரிசையை எடுத்து, 2017-இல் ஆலை எப்படி இருக்குமோ அதே வயதுக் கலவையில் 42 பேரை அதில் போட்டார்கள். மற்ற வரிசைக்காரர்கள் 'பென்ஷன்காரர் லைன்' என்று கேலி செய்தார்கள். அங்கே போக முதலில் யாருக்கும் பெரிய ஆசை இல்லை.

அவர்கள் மேலிருந்து திட்டம் எதையும் இறக்கவில்லை. எங்கே வலிக்கிறது, எது மாறினால் தேவலை என்று அந்த 42 பேரிடமே கேட்டார்கள். வந்த பதில்களில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. சிமெண்ட் தரையில் நின்று முட்டி வலிக்கிறது என்றார்கள். மரத்தரை போட்டார்கள், அதற்கேற்ற ஷூ கொடுத்தார்கள். முடிவெட்டும் கடை நாற்காலி மாதிரி உயரம் மாற்றும் நாற்காலி சில இடங்களில் வந்தது. உட்கார்ந்தும் வேலை செய்யலாம், நடுவில் சற்றுச் சாய்ந்தும் கொள்ளலாம். சின்னப் பாகங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து, ஆளின் உயரத்துக்கு ஏற்றும் மேசை, பெரிய கைப்பிடி வைத்த கருவிகள். ஒரே ஷிப்டுக்குள் இடம் மாறி மாறி வேலை, அதனால் ஒரே தோளுக்கு நாள் முழுக்கச் சுமை இல்லை. நடுவில் சில நிமிடம் உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி. மொத்தம் 70 சின்ன மாற்றங்கள். பேசி முடிவெடுக்கச் செலவான வேலை நேரத்தையும் சேர்த்து ஆன செலவு சுமார் 40,000 யூரோ. ஒரு வருடத்தில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் ஏறி, இளைஞர்கள் நிற்கும் வரிசைக்குச் சமமாக வந்துவிட்டது. லீவு 7 சதவீதத்திலிருந்து 2-க்கு இறங்கியது. இப்படி ஒரு பெரிய கம்பெனி தன் சாதனையைச் சொல்லும்போது கொஞ்சம் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், தெரிந்ததே. ஆனாலும் அந்த 70-இல் அறுபதையாவது நம் ஊர் தச்சரையும் வெல்டரையும் வைத்தே செய்துவிடலாம்.

மூத்தவர் தப்பு அதிகம் செய்வார் என்று உங்கள் சூப்பர்வைசர்கள் சொல்வார்கள். ஜெர்மனியிலேயே வோர்த் என்ற ஊரில் மெர்சிடிஸ் லாரி ஆலையில், பாகங்களைப் பூட்டும் வரிசையில் யார் எப்போது என்ன தப்புச் செய்தார்கள் என்ற பதிவுகளை ஆக்ஸல் பர்ஷ்-சுபான், மத்தியாஸ் வைஸ் என்ற இரு பொருளியலாளர்கள் வருடக்கணக்கில் அலசினார்கள். 60 வரை உற்பத்தித்திறன் சரியவில்லை என்று வந்தது. மூத்தவர்கள் சின்னத் தப்பு சற்றுக் கூடுதலாகவே செய்தார்கள், ஆனால் பெரிய தப்பு அவர்களிடம் அபூர்வம். எதையும் கைமீறாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம்.

கடைக்கும் இது பொருந்தும். இங்கிலாந்தில் பி அண்ட் கியூ என்ற வீட்டு உபகரணக் கடைக்காரர்கள் 1989-இல் மேக்கிள்ஸ்ஃபீல்டில் ஒரு கிளையை முழுக்க ஐம்பதைத் தாண்டியவர்களை வைத்தே திறந்தார்கள். குழாய் ஒழுகினால் என்ன வாங்குவது என்று கேட்கிறவருக்கு, தன் வீட்டில் அதைச் சரிசெய்த ஆள் பதில் சொல்வது வேறு விஷயம் அல்லவா. மற்ற கிளைகளைவிட லாபம் 18 சதவீதம் அதிகம், சரக்குக் காணாமல் போவது பாதிக்கும் குறைவு, வேலையைவிட்டுப் போகிறவர்கள் ஆறில் ஒரு பங்கு.

பின்லாந்துக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு சின்னத் தாள் உண்டு. யூஹானி இல்மரினனும் அங்கே தொழில் சுகாதார நிறுவனத்தில் இருந்தவர்களும் 1981-இலிருந்து நகராட்சி ஊழியர்களைப் பத்து வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து, ஏழு அம்சங்களில் வேலைத்திறனை அளக்கும் படிவம் ஒன்றைச் செய்தார்கள். மதிப்பெண் 7 முதல் 49 வரை. முதல் கேள்வியே நேரடியானது: உங்கள் வாழ்நாளில் மிக நன்றாக வேலை செய்த காலத்துக்குப் பத்து மார்க் என்றால், இப்போது எத்தனை? ஐம்பதுக்கு மேல் வேலைத்திறன் ஏறியவர்களிடம் மூன்று விஷயங்கள் தெரிந்தன: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது குறைந்திருந்தது, உடற்பயிற்சி கூடியிருந்தது, மேற்பார்வையாளர் நடத்தும் விதம் மேம்பட்டிருந்தது. மூன்றில் இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் அதிக வலு. உங்கள் ஃபோர்மேனுக்கு முப்பது வயதென்றால் இதை அவரிடம் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.

ஆள் பற்றாக்குறைக்கு இன்னொரு யோசனை. ஜப்பானில் கிஃபு மாகாணத்தில் நகாட்சுகவா என்ற சிறு ஊரில் காட்டோ என்ற உலோகத் தகடு அழுத்தும் ஆலை இருக்கிறது. உங்கள் அளவு ஆலைதான். சனி ஞாயிறு மெஷின் சும்மா கிடக்கிறது, இளைஞர்கள் அன்று வர மாட்டார்கள். 2001-இல் ஒரு விளம்பரம் போட்டார்கள்: ஆர்வமுள்ளவர்கள் தேவை, ஆண் பெண் பேதமில்லை, வயது வரம்பு உண்டு, 60-க்கு மேல் மட்டும். வார இறுதி ஷிப்டை ஊர்ப் பெரியவர்களே ஓட்டினார்கள். இதில் எனக்குப் பிடித்தது, முழுநேரம் அல்லது வீட்டில் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலையை உண்டாக்கியதுதான். அறுபது வயதுக்காரர்களில் பலர் கேட்பது அந்த நடுவழியைத்தான்.

அப்புறம் எல்லாக் கருத்தரங்கிலும் சொல்லும் 'அனுபவத்தைக் கடத்துவது'. போஷ் கம்பெனி ஓய்வுபெற்ற தன் ஆட்களைக் குறுகிய வேலைகளுக்குத் திரும்ப அழைக்க 1999-இலேயே ஒரு தனி நிறுவனம் வைத்தது. நம் ஊரில் இதற்கு வீடியோ எடுத்து வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நான் முன்பு இருந்த ஓர் ஆலையில் மெஷினை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கும் ஒரு செட்டர் ஓய்வுபெற்ற மறு மாதமே ஒரு மெஷினில் ரிஜெக்ஷன் எகிறியது. துளை ஒருபக்கமாகப் போகிறது. புரோகிராம் பார்த்தோம், டூல் பார்த்தோம், கம்பெனி என்ஜினீயரைக் கூட்டிவந்து காட்டினோம். கடைசியில் அவரையே டீ குடிக்கக் கூப்பிட்டோம். வந்தவர், பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சருக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, "இங்க ஒரு பித்தளைத் தகடு இருந்துச்சே, எங்க?" என்றார். தேய்ந்த இடத்துக்கு அணை கொடுக்க எட்டு வருடம் முன்பு அவர் வைத்தது. புதுப் பையன் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துக் குப்பையில் போட்டிருந்தான். அந்தத் தகடு எந்த வீடியோவிலும் வந்திருக்காது, ஏனென்றால் சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை. ஆறு மாதமாவது அவரும் பையனும் ஒரே மெஷினில் நின்றிருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்வி. 58-க்கு அப்புறம் எடுப்பதாக இருந்தால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். 58 நிறைந்ததும் ஓய்வூதியக் கணக்குக்கு முதலாளி பங்கிலிருந்து போகும் பணம் நின்றுவிடும், முழுவதும் வருங்கால வைப்பு நிதிக்கே போக வேண்டும். ஓய்வூதியத்தை 60 வரை தள்ளி வாங்கினால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும், இதை ஆட்களிடம் சொல்ல யாருமே இருப்பதில்லை. பணிக்கொடையை முடித்துக் கொடுத்துப் புதிதாக எடுக்கிறீர்களா, பணி தொடர்ச்சியா என்பதை எழுத்தில் வைத்துவிடுங்கள். பின்னால் வழக்கு வந்தால் அங்கேதான் வரும். கான்ட்ராக்டர் பெயரில் எடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நேற்று வரை கூப்பிட்டுப் பேசிய ஆளை இன்று வேறொருவர் சம்பளப் பட்டியலில் போட்டால், பித்தளைத் தகடு எங்கே என்று அவர் ஏன் சொல்லப் போகிறார்? 60 ஆக்குங்கள், ஆனால் அடுத்த சம்பள ஒப்பந்தத்தில் இன்கிரிமெண்டின் ஒரு பகுதியைப் பணிமூப்பிலிருந்து பிரித்துத் திறமைப் படியாக மாற்றப் பேசுங்கள். சங்கம் முதலில் முறைக்கும். இரண்டு வருடம் கூடுதல் வேலை என்பது சின்ன விஷயம் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

அதற்கெல்லாம் முன்னால், இந்த வாரமே, ஐம்பத்தைந்து வயது தாண்டிய மூன்று பேரோடு ஒரு ஷிப்ட் முழுக்க ஷாப்பில் நடந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். முதலில் நாற்காலியைத்தான் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊரில் மெஷின் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். ஆனால் நின்று வேலை செய்கிறவர்கள் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. கடை ஊழியர்களுக்குத் தமிழ்நாடு 2021-இல் தனியாகத் திருத்தமே கொண்டுவந்தது. முதலாளி செலவு என்ன ஆகும் என்று கேட்டால், காந்திபுரத்தில் உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டூல் என்ன விலை என்று விசாரித்துச் சொல்லுங்கள்.